கொரங்காட்டில் சைட் போட விடலாமா?



நான் மூலனூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வர்றேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டு வேலை, ஆடு மாடு, குழுக் கணக்கு, இதுதான் எனக்குத் தெரிஞ்சது. அதனால கொரங்காட்டைப் பத்திப் பேசறேன்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

ஆத்துப் பாசனத்துல இருந்து வந்திருக்கறவங்களுக்குக் கொரங்காடு என்னன்னு தெரியாம இருக்கலாம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் மழை கம்மி. அந்த மேட்டு நிலத்துல நம்ம பெரியவங்க வெள்ளாமையை நம்பாம, மேய்ச்சலை நம்பினாங்க. சுத்தியும் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போட்டாங்க. உள்ள கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். கோடையில புல் காஞ்சாலும் வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காட்டை மூணு நாலாப் பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு மேய விடுவாங்க. புல் தழைய நேரம் கிடைக்கும்.

இதுல பொம்பளைங்களுக்குப் பெரிய சௌகரியம் ஒண்ணு இருக்குதுங்க. காலையில படலைத் திறந்து உள்ள விட்டா, பொழுது சாயத்தான் போய்ப் பார்க்கணும். பின்னாலேயே கோலை வெச்சுக்கிட்டு அலைய வேண்டியதில்லை. அந்த நேரத்துல சமையல் முடியும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகும், நூறு நாள் வேலைக்கும் போகலாம். வேலி நமக்குப் பதிலா மேய்க்குதுன்னு எங்க அத்தை சொல்லுவாங்க.

காங்கேயம் மாடும் இந்தக் காட்டுல உருவானதுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தை வளர்த்ததும், கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் நம்ம எல்லாருக்கும் தெரியும். 2017-ல ஜல்லிக்கட்டுக்காக, நாட்டு மாட்டைக் காப்பாத்தணும்னு தமிழ்நாடே தெருவுக்கு வந்துச்சு. மாடு மேயற இடத்தை வித்துட்டு, மாட்டை மட்டும் எங்க வெச்சுக் காப்பாத்தறதுங்க?

இப்ப ரோட்டோரக் கொரங்காடெல்லாம் சைட்டா மாறுது. முதல்ல பொக்லைன் வரும். கிளுவை வேலியை ஒரே நாள்ல பிடுங்கிடும். வேல மரத்தைச் சாய்ச்சு, மண்ணைச் சமப்படுத்தி, கல்லு நட்டுக் கொடி கட்டுவாங்க. வாங்கினவங்க உடனே வீடு கட்டறதில்லை. விலை ஏறட்டும்னு போட்டு வெக்கறாங்க. அப்புறம் அங்க முளைக்கறது சீமைக்கருவேலம்தான். ஒருத்தருக்கு வீடும் இல்லை, ஒரு ஆட்டுக்குப் புல்லும் இல்லை.

எங்க குழுவுல நாலு பேருக்குச் சொந்த நிலம் கிடையாது. குழுக் கடன்ல ஆடு வாங்கி, பக்கத்துக் கொரங்காட்டைக் குத்தகைக்குப் பிடிச்சு மேய்ச்சாங்க. தவணை தவறாமக் கட்டினாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அந்தக் காட்டை சைட்டுக்கு வித்துட்டாங்க. ரெண்டு பேர் ஆட்டை வந்த விலைக்குத் தள்ளிக் கடனை அடைச்சுட்டு இப்ப மில் வேலைக்குப் போறாங்க. மத்த ரெண்டு பேர் ரோட்டோரம் மேய்க்கறாங்க. பஸ்ஸுக்கும் பயம், நாய்க்கும் பயம். வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் தெருநாய் கடிச்சு ஆடு செத்து, விவசாயிங்க இழப்பீடு கேட்டுப் போராடினது உங்களுக்குத் தெரியும். நிலம் வித்தது ஒருத்தர். பிழைப்புப் போனது நாலு பேருக்கு.

போன வருஷம் புரோக்கர் எங்க வீட்டுக்கும் வந்தார். எங்களுக்கு ஆறு ஏக்கர் கொரங்காடு. என் வீட்டுக்காரரும் மச்சாண்டாரும் பங்கு பிரிக்காம வெச்சிருக்காங்க. மச்சாண்டாருக்குத் தறிக் கடன், பையனுக்குக் காலேஜ் பீஸ். அவர் விக்கலாம்னு சொன்னதுல தப்பு எதுவும் இல்லீங்க, கஷ்டம் நிஜம். ஆனா புரோக்கர் கொண்டு வந்த பேப்பர்ல அத்தைக்கும் நங்கையாவுக்கும் (என் வீட்டுக்காரரோட அக்கா) ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி ரெடியா இருந்துச்சு. "இது சும்மா ஒரு கையெழுத்து" அப்படின்னார்.

சும்மா கையெழுத்துக்கு எதுக்குங்க பத்திரம்? தமிழ்நாட்டுல 1989-லேயே பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் வந்துச்சு. 25.3.1989-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அதுல இடமில்லாம இருந்துச்சு. 2005-ல மத்திய சட்டம் அந்தத் தடையையும் எடுத்துச்சு. அப்பா உயிரோட இல்லாட்டியும் மகளுக்கு அந்த உரிமை உண்டுன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மாமனார் உயில் எழுதாம இறந்திருந்தா, அவர் பங்குல மாமியாருக்கும் ஒரு பாகம் உண்டு. இதை அத்தைகிட்டயும் நங்கையாகிட்டயும் உட்கார்ந்து சொன்னேன். மருமகளான எனக்கு அந்தக் காட்டுல இன்னிக்குக் கையெழுத்து உரிமை இல்லை. அவங்க ரெண்டு பேருக்கும் இருக்கு.

நங்கையா ரெண்டு நாள் யோசிச்சாங்க. தம்பிங்ககூடப் பேச்சு வார்த்தை நின்னு போயிருமோன்னு பயந்தாங்க. அப்புறம் மச்சாண்டாரையே நேர்ல கூப்பிட்டு, "உன் கடனுக்கு வழி பார்க்கலாம் சாமி, காட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" அப்படின்னுட்டாங்க. பதினஞ்சு உருப்படியில ஆறு கிடாயை வித்தோம். குழுவுல நான் கடன் எடுத்தேன். அந்த வருஷத்து பீஸ் கட்டியாச்சு. தறிக் கடன் இன்னும் நிக்குது. வர்ற ஆவணி வரைக்கும் பார்க்கறேன்னு மச்சாண்டார் சொல்லியிருக்கார். அதனால காட்டைக் காப்பாத்திட்டோம்னு நான் இங்க சொல்ல வரலை. ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கோம்.

சட்டம் தடுத்துரும்னு நம்பி இருக்க முடியாதுங்க. அனுமதி இல்லாத மனையைப் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ஆனா அனுமதி வாங்கிப் போட்டா அது முறையான சைட்தான். கொரங்காடு பட்டா நிலம். கிராம சபை தடுக்க முடியாது. வீட்டுக்குள்ள எடுக்கற முடிவுதான் தடுக்கும்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வெக்கறேன். கல்யாணம், காலேஜ், ஆஸ்பத்திரின்னு அவசரம் வர்றப்பதான் நிலம் விலைக்குப் போகுது. அந்த நேரத்துக்குன்னு ஒரு தனிக் கடன் ஒதுக்குங்க. ஆடு மாடு வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. அதை வாங்க வங்கி உதவி பண்ணணும். ரெண்டாவது, நிலம் இல்லாத உறுப்பினர்கள் சேர்ந்து கொரங்காட்டைக் குத்தகைக்கு எடுக்கறப்ப, வாய்ப்பேச்சா விடாம நாலஞ்சு வருஷத்துக்கு எழுதி வாங்கிக் குடுங்க. குத்தகைப் பணம் வருஷா வருஷம் சரியா வந்தா நிலத்துக்காரருக்கும் விக்கத் தோணாது. மூணாவது, ஊர்ப் பொதுவுல இருக்கற மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவுன்னு ஒவ்வொரு குழுவும் கிராம சபையில கேட்கணும். அது நம்ம எல்லாருக்கும் சொந்தம். பொது நிலத்து ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு 2011-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

உறுப்பினர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அண்ணன் தம்பி பத்திரத்தை நீட்டினா, பாசத்தோட வாங்குங்க, வீட்டுக்குக் கொண்டு வந்து படிச்சுப் பாருங்க. படிக்கத் தெரியாதவங்க குழுக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க, நாம படிச்சுச் சொல்லுவோம். கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தது இந்தக் குழு. எங்க போடக் கூடாதுங்கறதையும் இங்கேயே கத்துக்குவோம்.