தீபாவளிச் சந்தையும் ஐப்பசி மழையும்

(லிங்கி வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றிய உரை)



தீபாவளிக்கு முன்பு கடைக்குச் சென்று திரும்பும் நம் தாய்மார்கள் ஆண்டுதோறும் ஒரே கேள்வியை எழுப்புகின்றனர். "சென்ற மாதம் விற்ற விலைக்கு இந்த மாதம் ஏன் கிடைக்கவில்லை?" என்பதே அக்கேள்வி. வணிகரின் பேராசையே காரணம் என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் பல ஆண்டுகளில் விலையேற்றத்தின் முதற் காரணம் வானத்திலிருந்தே இறங்கி வருகின்றது. அது எவ்வாறு என்பதையும், அதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்பதையும் இன்று சிந்திப்போம்.

தீபாவளி ஐப்பசித் திங்களில் தேய்பிறையின் இறுதியை ஒட்டி வரும் பண்டிகை. ஆங்கில நாட்காட்டியில் அது பெரும்பாலும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையே அமைகின்றது. இக்காலத்தில் நம் நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகிழக்குப் பருவக்காற்று இன்னும் வலுப்பெறாதிருக்கும். இப்பருவமாற்றக் காலத்தில் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகல் இடிமழை மிகுதி. இதற்கு முந்திய மாதங்களிலோ, மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்திரா' காற்று விடியற்காலையில் மழையைக் கொண்டுவந்து கொட்டும். லிங்கி ஆற்றின் கழிமுகம் அந்நீரிணையில்தானே இருக்கின்றது! பால்வெட்டு நேரத்தில் வரும் அம்மழையை உங்களுக்கு நாம் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

மழையில் நனைந்த பட்டையை வெட்டினால், பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவும். மங்கில் விழும் பாலையும் மழைநீர் அடித்துச் செல்லும். ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுப்பட்டையில் நோய் பற்றவும் கூடும். ஆகவே மழைநாள் பலருக்கு வருமானம் குறையும் நாளாகின்றது. எடைக்கணக்கில் ஊதியம் பெறுவோரையும் சொந்தச் சிறுதோட்டம் வைத்திருப்போரையும் இது நேரடியாகத் தாக்குகின்றது. வரவைக் குறைக்கும் மழை, வேறிடங்களில் பயிரைக் கெடுத்துச் செலவையும் உயர்த்தினால், தொழிலாளி வீடு இருபுறமும் அடிபடுகின்றது.

முதலில் வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் பெரிய வெங்காயத்தில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து வருகின்றது. அங்கு மகாராஷ்டிர மாநிலத்தின் நாசிக் மாவட்டம் வெங்காயத்திற்குப் பெயர்பெற்றது. அம்மாவட்டத்து லாசல்காவ் சந்தையின் விலையை நாடெங்கும் உள்ள வணிகர்கள் கவனிக்கின்றனர். கோடை தொடங்கும் காலத்தில் அறுவடையாகும் வெங்காயமே அளவில் மிகுதி. காற்றோட்டமுள்ள கொட்டகைகளில் சேமிக்கப்படும் அதுவே மழைக்காலம் முழுவதற்கும் கைகொடுக்கின்றது. அக்டோபர் மாதம் நெருங்கும்பொழுது அச்சேமிப்பு அழுகியும் முளைத்தும் எடை குறைந்தும் தீரும் நிலைக்கு வரும். மழைக்காலத்தில் பயிரிட்ட புது வெங்காயம் அப்பொழுதுதான் சந்தைக்கு வரத் தொடங்கும். பழையது முடிந்து புதியது வருவதற்கு இடைப்பட்ட இக்குறுகிய காலத்தில்தான் நம் தீபாவளி வருகின்றது. அவ்வேளையில் பெருமழை பெய்து வயலில் நீர் தேங்கினால், கிழங்கு மண்ணிலேயே அழுகிவிடும்.

2019ஆம் ஆண்டில் இதுவே நிகழ்ந்தது. அவ்வாண்டு இந்தியாவில் பருவமழை காலந்தாழ்த்தித் தொடங்கியது. பின்னர்ச் செப்டம்பர் மாதத்தில் வழக்கத்தை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மழை கொட்டியது. அக்டோபர் 9ஆம் நாள்தான் பருவமழை பின்வாங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே வெங்காய விலை ஏறி, செப்டம்பர் 29ஆம் நாள் இந்திய அரசாங்கம் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. அவ்வாண்டின் தீபாவளி அக்டோபர் 27. ஆக, பண்டிகைக்கு 28 நாட்களே இருந்தன. 2020ஆம் ஆண்டிலும் செப்டம்பர் 14ஆம் நாள் அத்தகைய தடை வந்தது. 2023 டிசம்பரில் விதிக்கப்பட்ட தடை 2024 மே மாதத்தில்தான் நீக்கப்பட்டது. தன் மக்களின் அடுப்பை முதலில் நினைப்பது எந்த அரசாங்கத்திற்கும் இயல்பே. ஆயினும் நாசிக்கில் பெய்யும் மழை லிங்கியில் உள்ள நம் சட்டியைத் தொடுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் நாட்டுக் கேமரன் மலையைப் பார்ப்போம். தக்காளி, முட்டைக்கோசு போன்ற காய்கறிகள் அங்கிருந்து நம் சந்தைகளுக்கு வருகின்றன. மழைத்துளி பட்டால் பழம் அழுகிவிடும் என்பதால் அங்கே ஸ்ட்ராபெரிப் பழத்தைக் கூரையின் கீழ் வளர்க்கின்றனர். தக்காளிக்கும் அவ்வாறே பலர் கூரை அமைத்துள்ளனர். ஆனால் கூரை மழையைத் தடுக்கலாம். வெள்ளத்தைத் தடுக்க இயலாது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நிரம்பிய ரிங்லெட் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து, வீடுகளும் ஊர்திகளும் சேதமுற்றன, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அவ்வாண்டின் தீபாவளிக்கு அப்பொழுது பத்து நாட்களே இருந்தன. மலைச்சரிவுகளை வெறுமையாக்கியதால் கரைந்துவந்த மண், அணையின் கொள்ளளவைக் குறைத்திருந்ததும் அத்துயரத்திற்கு ஒரு காரணமாயிற்று.

தேங்காயின் கணக்கு வேறு. வெங்காயத்தை மழை உடனே கெடுக்கின்றது. தென்னையோ வறட்சியின் வேதனையைப் பல மாதங்கள் கழித்தே காட்டும். பாளை வெடித்த பின் காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். எனவே 2023இலும் 2024 தொடக்கத்திலும் நிலவிய எல் நினோ வெப்பத்தின் விளைவு, பின்னரே காய்ப்பில் தெரிந்தது. 2025 தொடக்கத்தில் நம் நாட்டில் ஏற்பட்ட தேங்காய்த் தட்டுப்பாட்டிற்குக் கூறப்பட்ட காரணங்களுள் வானிலையும் ஒன்று.

அன்பர்களே, இவற்றை அறிந்து நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, கடனைப் பற்றிய எச்சரிக்கை. தீபாவளிக்குக் கடையில் கடன் சொல்லிப் பொருள் வாங்குவோர், அதனை அடுத்த மாதத்தில் அடைத்துவிடலாம் என்று எண்ணுகின்றனர். அடுத்த மாதமும் மழை மாதமே. அதன்பின் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் காலம், பால் குறைந்துவிடும். ஆகவே தீபாவளிக் கடன் ஆண்டின் நடுப்பகுதி வரையில் நம்மைத் தொடர்ந்து வரக்கூடும். பால் நன்றாக இறங்கும் மாதங்களில் சம்பளந்தோறும் சிறு தொகையைப் பண்டிகைக்கென ஒதுக்கி வைப்பதே இதற்குத் தக்க மருந்து.

இரண்டாவது, வாங்கும் முறை. பருப்பு, மாவு, எண்ணெய், மிளகு முதலியவற்றை முன்கூட்டியே சிறிது சிறிதாக வாங்கிவைக்கலாம். வெங்காயத்தைக் கழுத்து நன்கு காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, வலைப்பையில் காற்றுப்படத் தொங்கவிடல் வேண்டும். நெகிழிப் பையில் கட்டிவைத்தால் நம் ஈரக்காற்றில் விரைவில் அழுகும். உருளைக்கிழங்குடன் சேர்த்து வைத்தலும் ஆகாது.

மூன்றாவது, நம் உரிமை. பண்டிகைக் காலங்களில் அரசாங்கம் உச்சவரம்பு விலைத் திட்டத்தை நடைமுறைப்படுத்தி வருகின்றது. அதற்கு உட்பட்ட பொருள்களுக்குக் கடைக்காரர் இளஞ்சிவப்பு நிற விலைச்சீட்டு வைத்தல் வேண்டும். அவ்விலைக்கு மேல் கேட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் புகார் செய்யலாம். மழையால் ஏறிய விலையை நாம் பொறுக்கலாம். மழையைச் சாக்காக்கி ஏற்றிய விலையைப் பொறுக்க வேண்டியதில்லை.

நான்காவது, நம் வீட்டுக் கொல்லை. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். அது தமிழகத்து மழையைக் கண்டு சொல்லப்பட்ட மொழி. எனினும் லிங்கியிலும் அது பயன்படும். ஆடியில் மிளகாய் நாற்றினை நட்டால், ஏறத்தாழ மூன்று மாதங்களில், ஐப்பசிச் சமையலுக்குக் காய் கிடைக்கும். பாத்தியை உயர்த்தி வடிகால் வெட்டினால் பருவமாற்ற மழையிலும் வேர் அழுகாது. கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை, முருங்கை ஆகியவற்றையும் வளர்க்கலாம். வெங்காயத்திலுங்கூட நம் நாடு முயன்று வருகின்றது. மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமாகிய மார்டி உருவாக்கிய சிறுவெங்காய வகைகள் இங்குப் பயிரிடப்பட்டு வருகின்றன.

வானத்தை ஆளும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் மழை எம்மாதத்தில் வரும், மரம் எம்மாதத்தில் இலையுதிர்க்கும் என்பதைத் தோட்டத்து மக்களைவிட நன்கறிந்தவர் எவர்? பால்வெட்டில் பயன்படும் அவ்வறிவை வீட்டுக் கணக்கிலும் பயன்படுத்துவோமாக. அவ்வாறு செய்யின், தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்து நீராடி, கடன் சுமையின்றி மக்களுடன் அமர்ந்து உண்ணலாம்.