கடலோடு போனவர்களின் பெயர்கள்



கடலில் மறைந்தவர்களின் நினைவுச் சின்னங்கள் பற்றிப் பேசச் சொன்னால், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக்காரர் எவரும் 2021 நவம்பர் 23இல்தான் தொடங்குவார். பாலம் முடியாத காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மிதப்புப் பாதை என்ற பயணப் படகு கவிழ்ந்த நாள் அது. அந்தப் பிள்ளைகளுக்கு மையவாடியில் இடமிருக்கிறது. பெற்றோர் போய் ஸலாம் சொல்லலாம். ஆழ்கடலில் போனவருக்கு அதுவுமில்லை.

ஆழ்கடல் என்றதும், வரலாறு படிப்பிக்கிற எனக்கு ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை விட்டு நகர மனம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் அது. யப்பானியர் வருகிறார்கள் என்றதும், 1942 ஏப்ரல் 8 இரவு திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை! மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுகள் விழ, சில நிமிடங்களில் தாண்டது. இறந்தவர்கள் 307 பேர். துணைக்கு வந்த வம்பயர் கப்பலும் மூழ்கியது. தத்தளித்தவர்களில் பலரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போவேன். கிண்ணியாப் பிள்ளையொருத்தி வரிசை வரிசையாகத் தேடிவிட்டு வந்து கேட்டாள்: "ஹெர்மிஸ் ஆக்கள் எங்க சேர்?"

"கடலோட போனவங்களுக்கு இங்க கல் இல்ல மகள்."

"அப்ப அவங்கட உம்மாமார் எங்க போய் அழுதிருப்பாங்க?"

பிளைமவுத்துக்குப் போயிருப்பார்கள். முதலாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவின் சாட்டம், போர்ட்ஸ்மவுத், பிளைமவுத் துறைகளில் ஒரே அமைப்பில் மூன்று தூண்கள் எழுப்பி, உடல் கிடைக்காத கடற்படையினரின் பெயர்களைப் பொறித்தார்கள். அடுத்த போரின் பெயர்களும் பின்னர் சேர்ந்தன. எனக்குப் பிடித்த செய்தி இதுதான்: வருகிற கப்பல்களுக்கு அடையாளக் குறியாகவும் உதவட்டும் என்றே அவற்றை அவ்வளவு உயரமாகக் கட்டினார்களாம்.

திமிங்கில வேட்டைக்காரர்களுக்கும் இப்படி உண்டு. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட்டில் மாலுமிகள் ஆலயச் சுவர் நிறையப் பளிங்குப் பலகைகள். கீழே ஒரு சவக்குழியும் கிடையாது.   

நம்மவர்கள் கடலில் போனால், உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகை நடத்துகிறோம். பிறகு பெயர் குடும்பத்துக்குள் தங்கிவிடுகிறது. பேரப்பிள்ளைக்குப் போன நாள்கூடத் தெரியாது.

நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார்கள். பளிங்கும் தூணும் கேட்கவில்லை நேயர்களே. பள்ளிவாசலிலோ மீனவர் சங்கத்திலோ ஒரு கொப்பி வையுங்கள்: பெயர், படகு, போன நாள். மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட்டால் நல்லது.