இரக்கமா? ஏற்பாடா?

(கல்லூரி மாணவர் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கின்ற மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் துணைப் போதனை ஏற்பாடு செய்வதைப் பற்றியதாகும். அதாவது, கண் தெரியாதவருக்குப் பாடத்தைப் படித்துக் காட்டுவது, காது கேளாதவருக்குக் குறிப்பெடுத்துக் கொடுப்பது, எழுத்துக் கூட்டிப் படிப்பதே கஷ்டமாயிருப்பவருக்கு மெதுவாக மறுபடி சொல்லிக் கொடுப்பது ஆகிய காரியங்களாகும். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது, இது புண்ணிய காரியந்தானே என்று சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பைப் பற்றித்தான் நாம் பேச வந்திருக்கிறோம்.

பேர் வைப்பதில் நம் நாட்டாருக்கு ஈடு கிடையாது. வெகுகாலம் இவர்களைப் பார்த்து "முன்ஜன்மத்துப் பாவம்" என்று சொன்னார்கள். 2015ம் வருஷக் கடைசியில் "திவ்யாங்" என்று, அதாவது தெய்வீக அங்கம் உடையவர்கள் என்று, டெல்லியிலிருந்து பேர் வந்தது. பாவி என்றபோதும் பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்ட ஆள் வரவில்லை. தெய்வம் என்ற பிறகும் ஆள் வந்து குவிந்துவிடவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறவரைப் பார்த்து யாராவது முன்ஜன்மத்தைப் பற்றிப் பேசுகிறார்களா? இல்லை. ஏன்? கண்ணாடி கடையில் கிடைக்கிறது, அவ்வளவுதான். கருவி கிடைத்துவிட்ட இடத்தில் கருமம் ஓடிப் போய்விடுகிறது.

ஹெலன் கெல்லர் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இங்கு இருக்க மாட்டீர்கள். கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அப்படிப்பட்டவர் 1904ல் அமெரிக்காவில் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார் என்றவுடன், "ஆஹா, என்ன அதிசயம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோம். தோழர்களே! அது அதிசயமல்ல. ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வகுப்பிலே பக்கத்தில் உட்கார்ந்து, பேராசிரியர் சொன்னதையெல்லாம் அவர் உள்ளங்கையிலே விரலால் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். புடைப்பெழுத்தில் அச்சாகாத புத்தகங்களை வீட்டிலேயும் அப்படியே படித்துச் சொன்னார். அந்த ஆசிரியைக்கே கண் பார்வை சரியில்லை. செலவுக்குச் சில பணக்காரர்கள் உதவினார்கள். இத்தனை மணி நேர உழைப்பு, இவ்வளவு பணம் என்று கூட்டிப் பார்த்தால் அதிசயம் கணக்காகிவிடும். ஒரு பணக்காரர் மனம் வைத்தால் ஒரு கெல்லர். எந்தப் பணக்காரரும் மனம் வைக்காத ஊரில் எத்தனை கெல்லர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து கிழமானார்களோ, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசாங்கக் கல்லூரிகளிலும் அரசாங்கப் பண உதவி பெறும் கல்லூரிகளிலும் நூற்றுக்கு 5 இடத்துக்குக் குறையாமல் இவர்களுக்கு ஒதுக்கச் சொல்லுகிறது. நல்லதுதான், அதற்கு முன் 1995ம் வருஷத்துச் சட்டத்தில் 3தான் இருந்தது. ஆனால் அதே சட்டம், புத்தகமும் கருவிகளும் இலவசமாகக் கொடுக்க வேண்டியது 18 வயது வரையில் என்று சொல்லுகிறது. பதினெட்டு வயதில்தானே பிள்ளை கல்லூரி வாசற்படியை மிதிக்கிறான்! கதவைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்த மாதிரி இல்லையா இது?

பரீட்சைக்கு மட்டும் எல்லோருக்கும் கவலை வந்துவிடுகிறது. மாணவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் உண்டு. 2018ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்லின; மூன்று மணிப் பரீட்சை என்றால் ஒரு மணி சேரும். எழுதுகிறவரை மாணவரே கூட்டி வந்தால், அவர் மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராயிருக்க வேண்டும் என்றும் சொல்லின. எழுதுகிறவர் விடை சொல்லிக் கொடுத்துவிடுவாரோ என்று அவ்வளவு பயம்! அந்த மூன்று மணி நேரத்துக்கு முந்தின ஆறு மாதமும் பாடத்தை யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்பார் யார்?

வகுப்பில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பொருளாதாரம் நடத்துகிறவர் பலகையில் கோடு கிழித்து, "இது ஏறினால் அது இறங்கும்" என்கிறார். கண் தெரியாத மாணவருக்கு எது "இது", எது "அது"? காது கேளாத மாணவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறார். பாதிப் பாடம் சுவருக்குப் போய்விடுகிறது. சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்தோமே என்பீர்கள். அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பவர் தம் நோட்டில் எப்படி எழுதுவார்? அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். இது அந்த மாணவரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுமே என்று ஒரு தோழர் வரும் வழியில் சொன்னார். வாசிக்கும்; நாம் வாசிக்கும்படி கொடுத்தால். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே அனுப்பினால் அதற்கு அது வெறும் படம். யூனிகோடு வருவதற்கு முந்தின பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பாடக் குறிப்பைக் கொடுத்தால், தமிழும் வராது இங்கிலீஷும் வராது, உளறும்.

சரி, உதவிக்கு யார் இருக்கிறார்கள்? நல்ல மனது உள்ள பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மாணவர் தினம் போன் செய்து, "அக்கா, இன்றைக்கு வருவீர்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அக்கா வீட்டில் கல்யாணம் என்றால் பாடம் நின்றது. வராததற்குக் கோபிக்க முடியுமா? உபகாரமாக வந்தவர் மீது யார் கோபிப்பது? வந்தபோதெல்லாம் நன்றி சொல்லி, வராதபோதெல்லாம் வாய் மூடிக்கொண்டு மூன்று வருஷம் படிப்பதென்றால், பட்டத்தோடு கூடப் பிச்சைக்காரப் புத்தியையும் அல்லவா கல்லூரி கற்றுக் கொடுக்கிறது? (படித்துக் காட்ட வந்த இடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நாம் பேசவே இல்லை.) கல்லூரி சம்பளம் கொடுத்து வைத்த ஆளாயிருந்தால், "நேற்று ஏன் வரவில்லை?" என்று மாணவர் தலை நிமிர்ந்து கேட்பார்.

இப்படிச் செய்தால் தகுதி கெட்டுப் போகும் என்பார்கள். காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாடத்துக்கொரு ட்யூஷன் வாத்தியார் வைக்கும்போது கெடாத தகுதி, கண் தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியவுடன் கெட்டுவிடுமாம்! சுப்ரீம் கோர்ட்டு 2021ல், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருடைய வழக்கில், இம்மாதிரி வசதி செய்து கொடுப்பதுதான் சமத்துவம் என்ற முறையில் தீர்ப்புச் சொல்லியாய்விட்டது.

ஆகவே, இக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறோம். கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரையும் அழைத்து, உமக்கு எந்தப் பாடத்தில் என்ன உதவி வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மேல் வகுப்பு மாணவர்களிலும் பட்டதாரிகளிலும் தகுந்தவர்களைப் பொறுக்கி, மணிக் கணக்கில் கல்லூரி நிதியிலிருந்து கூலி கொடுக்க வேண்டும். பாடக் குறிப்பு கம்ப்யூட்டர் வாசிக்கும் எழுத்தில், வகுப்புக்கு முன்பே அவர்கள் கைக்குப் போக வேண்டும். தவறிப்போன மணிகளுக்கு ஒரு பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும். அது ஆபீசில் பூட்டிக் கிடக்காமல் மாணவர் சங்கத்துக்குக் காட்டப்பட வேண்டும்.

தீர்மானத்தைக் காரியதரிசி அவர்கள் இப்போது வாசிப்பார்கள், சற்று உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். திருத்தம் சொல்லும் முதல் பாத்தியதை எவர்களைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோமோ அந்த மாணவத் தோழர்களுக்குத்தான். அவர்கள் பேசி முடித்த பிறகு மற்றவர்கள் பேசலாம்.