பறவை காணச் செல்வோம், வாரீர்!

(தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோரும் இளைஞரும் கூடியிருந்த கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

சென்ற முறை நான் இங்கு வந்தபோது டிங்கிக் காய்ச்சலைப் பற்றிப் பேசினேன். அதற்கு முன்னர் சேமிப்பின் அவசியத்தைப் பற்றிப் பேசினேன். இன்று பறவைகளைக் காண்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைமையாசிரியர் அறிவித்தவுடன், பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "பறவைகளை நாங்கள் நாள்தோறும்தான் பார்க்கிறோம், அதற்கும் ஒரு கூட்டமா?" என்று கேட்டதை நானும் கேட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதாகவே என் உரை அமையும்.

நம் நாட்டில் மலேசிய இயற்கைக் கழகம் என்றோர் அமைப்பு உண்டு. 1940ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மலாயா இயற்கைக் கழகம் என்னும் பெயரில் அது தோன்றியது. தொடக்க காலத்தில் அதில் வெள்ளையர்களே மிகுந்திருந்தனர். அதனால்தானோ என்னவோ, பறவை பார்ப்பது துரைமார்களின் பொழுதுபோக்கு என்றும், பாடுபட்டுப் பிழைக்கும் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் நம்மவர் மனத்தில் ஓர் எண்ணம் படிந்துவிட்டது. இன்று நிலைமை அவ்வாறில்லை. பல மாநிலங்களில் அதற்குக் கிளைகள் உள்ளன. எல்லா இனத்தவரும் அவற்றில் உறுப்பினராக உள்ளனர். குழுவாகச் சென்று பறவை காணும் பயணங்கள் அக்கிளைகளின் பணிகளுள் முக்கியமானவை.

அத்தகைய பயணத்தில் என்ன நடைபெறுகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். காலை ஏழு மணியளவில் ஓரிடத்தில் அனைவரும் கூடுவர். அனுபவம் மிக்க ஒருவர் வழிகாட்டியாக முன்னே செல்வார். பைனாகுலர் என்று நாம் சொல்லும் இருகண் தொலைநோக்கி எல்லாரிடமும் இருக்காது. இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுத்துக் காணச் செய்வார். பளிச்சிடும் நிறத்தில் ஆடை அணியலாகாது; உரக்கப் பேசலாகாது; கூட்டை நெருங்கலாகாது. கண்ட பறவையின் பெயர், எண்ணிக்கை, நேரம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கொள்வர். இறுதியில் அனைவரும் ஒரு மரநிழலில் அமர்ந்து பட்டியலை வாசித்துச் சரிபார்ப்பர். ஒருவர் கண்டதை மற்றொருவர் ஐயுற்றால், "வால் எப்படி இருந்தது? இறக்கையின் அடிப்பக்கம் என்ன நிறம்?" என்று கேட்பார். அங்கே பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்பதில்லை. சிறுவன் சொன்னான் என்பதற்காகத் தள்ளுவதும் இல்லை. அரசாங்கப் பணிக்கு வருமுன் சில ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். நான்கு சுவர்களுக்குள் இத்தனை நல்ல பாடத்தை என்னால் நடத்த முடிந்ததில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மார்ச் மாதத்தில், நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறப் பிள்ளைகள் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, இயற்கைக் கழகத்தார் சிலருடன் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனைக்குச் சென்றேன். மலாக்கா நீரிணைக்குள் நீண்டு நிற்கும் அம்முனையில் சிறியதொரு காடும், பழமையான கலங்கரை விளக்கமும் உள்ளன. அவ்விடத்தில்தான் 2000ஆம் ஆண்டு தொடங்கி இயற்கைக் கழகத்தார் மார்ச் மாதத்தில் மக்களைத் திரட்டிப் பருந்துகளைக் காணும் விழாவை நடத்தலாயினர்.

அங்கே பருந்துகள் ஏன் வருகின்றன? சைபீரியா, சீனாவின் வடகிழக்குப் பகுதி, ஜப்பான் ஆகிய இடங்களில் கோடைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும் பருந்துகள், அங்கே குளிர்காலம் வருமுன் தெற்கு நோக்கிப் பறந்து, நம் நாட்டையும் கடந்து சுமத்திரா, ஜாவா முதலிய தீவுகளை அடைகின்றன. பிப்ரவரி இறுதியிலும் மார்ச் மாதத்திலும் அவை வடக்கு நோக்கித் திரும்புகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தேன்பருந்துகள். குளவிக்கூடுகளையும் தேனடைகளையும் பிய்த்து அவற்றிலுள்ள புழுக்களைத் தின்பதால் அப்பெயர் பெற்றன. கொட்டும் பூச்சிகளிடமிருந்து காக்கும் வண்ணம் அவற்றின் முகத்தில் செதில் போன்ற இறகுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஜப்பானியத் தேன்பருந்துகளைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்து கண்காணித்த அறிஞர்கள், ஒரு வழிக்கு மட்டும் அவை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறப்பதைக் கண்டறிந்துள்ளனர்.

இவ்வளவு தொலைவையும் சிறகடித்தே கடக்க எந்தப் பருந்தாலும் இயலாது. வெயில் ஏறியதும் நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலெழும். அதில் ஏறி வட்டமிட்டு உயரச் சென்று, பிறகு சிறகு அசையாமல் சறுக்கிச் செல்வதே அவற்றின் வழக்கம். கடலின் மீதோ அத்தகைய காற்று மிகக் குறைவு. ஆகவே கடல் குறுகிய இடத்தை அவை நாடுகின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவான் ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். அந்நீரைக் கடந்து வரும்போது அவை களைத்துத் தாழ்ந்து, மரங்களின் தலையைத் தொடுமளவுக்கு வருகின்றன. நிலத்தை அடைந்ததும் வெப்பக் காற்றைப் பற்றிக்கொண்டு மீண்டும் வானேறி, வடக்கே சென்று மறைகின்றன.

நாங்கள் சென்ற நாளில் காலை பத்து மணி வரையில் ஒன்றையும் காணவில்லை. பிள்ளைகள் சலித்துப் போயினர். பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக உடன் வந்திருந்த மூதாட்டி ஒருவர், கலங்கரை விளக்கத்தின் அருகே நிழலில் அமர்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். எங்கள் கையிலெல்லாம் தொலைநோக்கி இருந்தது. அவர் கையில் வெற்றிலைப் பைதான் இருந்தது. திடீரென அவர் கடற்பக்கம் கையை நீட்டி, "அதோ வருது பாருங்க தம்பி" என்றார். நாங்கள் கண்ணாடியைத் திருப்பி அரை நிமிடம் தேடிய பின்னரே, நீருக்குச் சற்று மேலே வரும் கரும்புள்ளிகள் எங்கள் கண்ணுக்குத் தென்பட்டன. ஒன்று, ஐந்து, பன்னிரண்டு என அவை பெருகின. எங்கள் தலைக்கு மேலே, இறக்கையின் வரிகளை எண்ணிவிடக்கூடிய உயரத்தில், அவை கடந்து சென்றன. பிள்ளைகள் வாய் பேசாது நின்றனர்.

அம்மூதாட்டியோ சிறிதும் வியப்படையவில்லை. "இது இலை உதிர்கிற காலத்துப் பருந்து. மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது கூட்டங்கூட்டமாக வடக்கே போகும். பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போகிற நேரத்தில் மேலே பார்த்தால் சுற்றிக்கொண்டிருக்கும். புது இலை விட்டதும் வராது" என்றார்.

எங்கள் வழிகாட்டியாக வந்த சீன நண்பர், அவர் கூறியதை மலாயில் எடுத்துரைக்குமாறு என்னை வேண்டினார். பிறகு குறிப்பேட்டைத் திறந்துகொண்டு அவர் அருகில் அமர்ந்து, எந்தத் தோட்டம், எத்தனை மணி, எத்திசை, எத்தனை நாள் வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலமும் பருந்துகள் வடக்கே திரும்பும் காலமும் ஒன்றாயிருப்பதையும், பால் எடுக்கும் முற்பகல் நேரமே வெப்பக் காற்று எழும் நேரம் என்பதையும் அவர் எங்களுக்கு விளக்கினார். மூதாட்டி என்னைப் பார்த்து, "இதையெல்லாம்கூட எழுதுவார்களா தம்பி?" என்று கேட்டார். அக்கேள்வி என் நெஞ்சைத் தொட்டது. நாற்பது ஆண்டுகள் அவர் கண்டதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. அவர் பால் வெட்டிய தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மரங்கள் போயின. அங்கே கண்ணால் கண்டறிந்த செய்திகளும் அவர்களைப் போன்றோருடன் போய்விடக் கூடாதல்லவா?

பின்வரிசைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை. ஐயா, நீங்கள் நாள்தோறும் காண்பது உண்மை. ஆயினும் அது எழுதப்பெறவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பெறவும் இல்லை. குழுவாகச் செல்லும்போது உங்கள் கண்ணும், இளைஞரின் எழுத்தும், கற்றவரின் நூலறிவும் ஓரிடத்தில் சேருகின்றன. அன்று பிள்ளைகள் பருந்து என்றும், ஹெலாங் என்றும், யிங் என்றும் மூன்று மொழிகளில் ஒரே பறவையைச் சுட்டக் கற்றுக்கொண்டனர். பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் இதுவும் சிறிய பயனன்று.

இனி, அன்பர்களே, நம் தோட்டத்திற்கே வருகிறேன். பறவை காணப் போர்ட்டிக்சன் வரையில் போக வேண்டுமென்பதில்லை. செம்பனை மரங்களிடையே கம்பங்களின் மீது பொருத்தப்பட்டுள்ள மரப்பெட்டிகளை நீங்கள் அறிவீர்கள். அவை கூகைகளுக்காக அமைக்கப்பட்டவை. நம்மவர் அப்பறவையைச் சாவுக்குருவி என்பர். மலாய்க்காரர்களோ ஆந்தை இனத்தையே பூரோங் ஹந்து, அதாவது பேய்ப் பறவை, என்பர். இப்பறவையைப் பற்றி என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகிறேன். இதுவரை எந்த மேடையிலும் நான் இதைச் சொன்னதில்லை.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். எங்கள் லயத்தில் என் நண்பனின் பாட்டி நோயுற்றுக் கிடந்தார். இரவுதோறும் கூகை அலறியது. பாட்டியை அது கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டனர். சிறுவர்களாகிய நாங்கள் நால்வர், லாஸ்டிக்கும் கற்களும் எடுத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் அப்பெட்டியை அடித்தோம். மூன்றாம் இரவு அலறல் இல்லை. வீரம் புரிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். சில நாள் கழித்து, பெட்டியில் ஏறிப் பார்த்த தொழிலாளர் ஒருவர், இறந்து போன மூன்று குஞ்சுகளைக் கீழே கொண்டுவந்து போட்டார். பாட்டி உடல் தேறி, அதன் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

கூகை அலறினால் சாவு வரும் என்ற நம்பிக்கை எவ்வாறு தோன்றியிருக்கும் என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தேன். நோயாளி இருக்கும் வீட்டில்தான் இரவெல்லாம் விளக்கெரியும், உறவினர் விழித்திருப்பர். கூகை எல்லா இரவுகளிலும்தான் கத்துகிறது. விழித்திருப்பவர் காதில் அது விழுகிறது. உறங்குபவர் காதில் விழுவதில்லை. அவ்வளவே.

அது நமக்குச் செய்யும் நன்மையோ பெரிது. குஞ்சுகளோடு கூடிய ஓர் இணை ஆண்டொன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்கிறது என்று ஆய்ந்தோர் கூறுவர். எலிகள் செம்பனைக் குலைகளைக் கடித்து நாசமாக்குவதோடு எலிக்காய்ச்சலையும் பரப்புகின்றன. கடுமையான எலிமருந்துகளை மிகுதியாகப் பயன்படுத்தினால், மருந்துண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியும். எனவே பெட்டிக்குக் கல்லெறியாதிருப்பதும், மருந்தைப் பயன்படுத்துவோர் நிர்வாகத்தின் விதிமுறைப்படி நடப்பதும் நம் கடமையாகும். காட்டுயிர்களைக் காக்க 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிக் கல்லைக் கீழே போடுவதைவிட, பறவையை அறிந்து கீழே போடுவதே மேலானது. அன்று எங்களை ஒருவர் அழைத்துச் சென்று, அந்தி நேரத்தில் தொலைவில் நிறுத்தி, தாய்ப்பறவை எலியுடன் பெட்டிக்குத் திரும்புவதைக் காட்டியிருந்தால், நாங்கள் கல்லெடுத்திருக்க மாட்டோம்.

ஆகவே, உங்கள்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளித் திடலில் கூடி இரண்டு மணி நேரம் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியோரும் வரலாம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது முறையாகும். செலவு எதுவுமில்லை, ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். மைனா, மீன்கொத்தி, மாங்குயில், கொக்கு என அறிந்த பெயர்களிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பயணத்திலும் மூத்தவர் ஒருவரேனும் உடன் வரட்டும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் ஆண்டு, இடம் குறித்து எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, பள்ளியில் இயற்கை நேயர் கழகம் ஒன்றை அமையுங்கள். 1990களிலிருந்து இயற்கைக் கழகத்தின் துணையோடு நம் நாட்டுப் பள்ளிகளில் அத்தகைய கழகங்கள் தோன்றி வந்துள்ளன. தமிழ்ப்பள்ளிகள் இதில் பின்தங்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் இப்பள்ளி வாயிலில் காத்திருப்பேன். என்னிடம் உள்ள ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவருகிறேன். முறை வைத்துக் காண்போம். கேள்வி கேட்ட பெரியவரைத் தனியாக அழைக்கிறேன். ஐயா, தாங்கள் தவறாது வரவேண்டும். தாங்கள் சொல்லச் சொல்ல எழுத இப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.