தற்செயலும் கடவுள் செயலும்



ஒரு சங்கதியை மெய்யென்று நாட்ட விரும்புகிறவன், முதலில் அது வெறும் தற்செயல் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். மருந்தால் ஜுரம் விட்டதா, தானாய் விட்டதா என்று இன்று சோதிப்பதும் இவ்வாறே. இல்லாவிட்டால் விபூதி கொடுத்தவனுக்கும் டாக்டர் பேர் வந்துவிடும்.

இம்முறையை வெகு முன்பே கையாண்டவர், இங்கிலாந்தில் ஆன் ராணிக்கு வைத்தியராயிருந்த ஜான் ஆர்பத்நாட் என்பவராவார். லண்டன் ஞானஸ்நானக் கணக்கில் 1629 முதல் 1710 வரை 82 வருஷமும், ஒரு வருஷங்கூடத் தவறாமல், ஆண் குழந்தைகளே அதிகம். எது அதிகமாவதும் காசைச் சுண்டினாற்போல் சரிபாதியென்றால், 82 தடவையும் தலையே விழ வேண்டும். அதற்குள்ள இடமோ 25 இலக்க எண்ணில் ஒரு பங்கு! ஆகவே சரிபாதி என்ற எண்ணம் தள்ளுபடியாயிற்று. இதுவரையில் நமக்கும் ஆட்சேபணையில்லை.

ஆனால் அவரோ உடனே, இது கடவுள் செயல் என்று முடிவு கட்டிவிட்டார். ஆண்கள் வெளியே போய் அதிகம் சாகிறார்களாம். அதற்கு ஈடுகட்டக் கடவுள் கூடப் படைக்கிறாராம்! பலதார மணம் இயற்கைக்கு விரோதம் என்றும் அதிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். வாதி தோற்றால், கோர்ட்டு வாசலில் நிற்பவனுக்கு டிக்கிரி கொடுப்பதுண்டா? 1713-இல் நிக்கலஸ் பெர்னூலி என்னும் கணித அறிஞர், பாதிக்குப் பதிலாக 35-இல் 18 பங்கு ஆண் பிறப்பு என்று வைத்துப் பார்த்தார். அந்த 82 வருஷக் கணக்கும் பெரும்பாலும் தற்செயலுக்குள்ளேயே அடங்கிவிட்டது.