ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலோசனை மன்றத்திற்கு
(ஜமாஅத் கல்வி விழாவில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அல்ஹம்துலில்லாஹ், நம் பிள்ளைகளுள் அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவோர் பெருகி வருகின்றனர். அவர்களுள் ஒருவர், ஆய்வுக்கூடத்தை விட்டு அரசின் அறிவியல் கொள்கைப் பணிக்குச் செல்ல விழைவதாகக் கூறினால், "இத்தனை ஆண்டு படித்தது வீணா?" என்றே வீட்டில் முதலில் கேட்கின்றோம். நியாயமான கேள்விதான். விடையை ஒரு வாழ்க்கையில் காண்போம்.

1926இல் அலகாபாத்தில் பிறந்த செய்யது ஜஹூர் காசிம் அவர்கள் அலிகரில் விலங்கியல் கற்பித்தவர், மீன்களை ஆராய்ந்தவர். இந்தியக் கடல் மீன்கள் முதிர்ச்சியுற்று முட்டையிடுவது பற்றிய ஆய்வுகளையெல்லாம் மதிப்பிட்டு 1973இல் கட்டுரை வரைந்தார். நம் மண்டபத்தில் நெடுநாள் தலைமையகம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற்கும், பின்னர் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்திற்கும் இயக்குநராக இருந்தார். 1981இல் புறப்பட்ட இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணத்திற்குத் தலைமையேற்றார். மத்திய அரசின் பெருங்கடல் மேம்பாட்டுத் துறைச் செயலாளராகவும், திட்டக்குழு உறுப்பினராகவும் பணியாற்றி, 2015இல் மறைந்தார். மீன் ஆய்வு அவரைவிட்டு எங்கும் போய்விடவில்லை. அதுவே அவருடைய சொல்லுக்கு எடை தந்தது என்பது நம் கருத்து.

கொள்கைப் பணி என்பது யாது? நம் கரையிலேயே சான்று உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 45 நாட்களாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்களாயிற்று. மீன் எப்போது முட்டையிடுகிறது என்பதை ஆய்வாளர் கூறலாம். எல்லா மீனும் ஒரே திங்களில் முட்டையிடுவதில்லை என்றும் அவரே கூறுவார். ஆயினும், அரசாணையில் ஒரு தேதியை எழுதியாக வேண்டும்! எந்தப் படகை நிறுத்துவது, நாட்டுப்படகை விடுவதா, அத்தனை நாளும் அக்குடும்பங்களின் அடுப்பு எரிவது எவ்வாறு? இவற்றுக்கு நுண்ணோக்கியில் விடையில்லை. குறைந்த சான்றை வைத்துக்கொண்டு, அது எவ்வளவு உறுதியானது என்பதையும் மறையாமல், குறித்த நாளுக்குள் ஆலோசனை கூறும் ஆள் அந்த மேசையில் வேண்டும்.

இழப்பும் உண்டு. சில ஆண்டுகள் விலகியிருந்தால் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்புவது கடினம். கட்டுரையில் தம் பெயர் வருவதும் அரிதாகும். ஆகவே, ஆய்வில் சலிப்புற்றோர் தப்பியோடும் வழியாக இதைக் கொள்ளலாகாது. முனைவர் பட்டத்தை முடித்த பின்னரே செல்க. அமெரிக்காவில் 1973 முதல் விஞ்ஞானிகளை ஓராண்டுக் காலம் அரசுப் பணியில் அமர்த்திப் பழக்குகின்றனர். நம் நாட்டிலும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொள்கை ஆய்வுக்கென நல்கைகள் வழங்கியுள்ளது.

விருப்பமுள்ள மாணவ மாணவியர், தம் ஆய்வை ஒரு படகுக்காரருக்கு விளங்குமாறு இரண்டே பக்கத்தில் எழுதி நம் கல்விக் குழுவிடம் தருக. படித்துக் கேள்வி கேட்க நம் ஊர்ப் படகுக்காரர்களையே அழைத்து வைத்திருப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.