சிறிய எஞ்சினும் சரியான அளவும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்கு இருப்புப்பாதையும் ஒரு காரணமாகும். கார்டன் ரீச்சில் அமைந்திருந்த பெங்கால் நாகபுரி ரயில்வேயின் தலைமையகத்திலும், 1955-இல் அதன் வழிவந்த தென்கிழக்கு ரயில்வேயிலும் பணியாற்றிய தமிழர் பலர். ஆதலின் இவ்வவையில் ரயில் எஞ்சினைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் எஞ்சினை மேசைமேல் ஓடும் மாதிரியாகச் செய்ய விழைவோர், அதன் உண்மை அளவுகளை எங்ஙனம் அறிவது?

புகழ்பெற்ற எஞ்சின்களுக்குப் புரவலர் உண்டு. கிழக்கிந்திய ரயில்வேக்கென 1855-இல் லீட்ஸ் நகரில் பிறந்த 'எக்ஸ்பிரஸ்' என்னும் எஞ்சின், 2010-இல் நமது பெரம்பூர்த் தொழிற்சாலையாரின் கைத்திறத்தால் மீண்டும் உயிர்பெற்றது. யார்டில் அல்லும் பகலும் உழைத்த எஞ்சினுக்கோ அத்தகைய பேறு அரிது. அகலப் பாதையில் நீராவியின் ஆட்சி 1995-இல் முடிவுற்றபின், அவ்வினத்தில் பெரும்பாலானவை பழைய இரும்பாயின.

ஷண்டிங் எஞ்சின்கள் இருவகைப்படும். இப்பணிக்கென்றே பிறந்தவை ஒருவகை. கல்கத்தாத் துறைமுகத்தில் ஓடிய, ஆறு இயங்கு சக்கரமும் பின்னே இரு சிறு சக்கரமும் கொண்ட டாங்க் எஞ்சின்கள் அவ்வகையின. நீரைத் தம் மீதே சுமப்பதால் தனி டெண்டர் வேண்டா. அப்பாரம் சக்கரத்தை அழுத்திப் பிடிப்பு மிகும். முன்னும் பின்னும் ஒருபோல் ஓடலாம். மற்றொரு வகை, சரக்கு வண்டி இழுத்து முதுமையடைந்தபின் யார்டுக்கு வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கென வகுக்கப்பெற்ற எஸ்.ஜி. இனம் இதற்கு நல்ல சான்று. அதன் சக்கர விட்டம் 5 அடி 1½ அங்குலம்.

அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் கணக்கில் அச்சக்கரம் மாதிரியில் 20.5 மில்லிமீட்டர் ஆகும். நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். மாதிரியில் 22 மில்லிமீட்டர். ஆனால் கடையில் எளிதிற் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன்மேல் நிறுத்தினால் நமது எஞ்சின் 4 அடி 1½ அங்குலப் பாதையில் நிற்பதாகிவிடும். ஓரடி நாலரை அங்குலம் களவு போயிற்று! சட்டையைத் தைத்துவிட்டு உடலை வெட்டுவார் உண்டோ? எனவே அளவறிதலே முதற்பணி.

அளவுக்கு முதல் ஆதாரம், ரயில்வேக்கள் வைத்திருந்த எஞ்சின் வரைபட ஏடுகள். நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1962-இல் மூடப்பட்டதாயினும், அதன் ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பெறுகின்றன. எனினும் வரைபடம் ஜாதகம் போன்றது. பிறப்பைச் சொல்லும், வாழ்வைச் சொல்லாது. எஸ்.ஜி. எஞ்சின்கள் சில பின்னர் மிகைவெப்ப நீராவிக்கு மாற்றப்பெற்று எஸ்.ஜி.சி. என்று பெயர் பெற்றன. சக்கரப் பட்டையோ தேயத் தேயக் கடைசல் பிடிக்கப்பெற்றுக் குறுகும். ஆகவே எந்த எண்ணுடைய எஞ்சின், எந்த ஆண்டின் தோற்றம் என்று முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

இங்கேதான் புகைப்படம் துணைபுரிகின்றது. நேர் பக்கவாட்டில் எடுத்த படமாயின், சக்கர விட்டத்தையே அளவுகோலாகக் கொண்டு கொதிகலன், புகைபோக்கி முதலியவற்றைக் கணக்கிடலாம். நேர் முன்புறப் படத்திற்குப் பாதையின் அகலமே கோலாகும். சாய்ந்த கோணத்துப் படம் அளவுக்கு உதவாது. எனினும் விளக்கு, படி, கைப்பிடி ஆகியவை இருந்த இடத்தைக் காட்டும். இப்படிக் கிடைத்தவற்றை, 2006-இல் திறக்கப்பெற்ற ஹௌரா ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சின்களின் உறுப்புக்களோடு ஒப்பிட்டுத் தெளியலாம்.

அன்பர்களே, அத்தகைய படங்கள் அலுவலகங்களில் மட்டுமே இருப்பன அல்ல. ஓய்வுபெறும் நாளில் எஞ்சினின் முன் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம், நம் பாட்டனாரின் தகரப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். நாம் அதில் தாத்தாவைத் தேடுவோம். அவருக்குப் பின்னே நிற்கும் எஞ்சினின் எண்ணை நோக்குவதில்லை. வீடு மாறும்போது பழந்தாளென்று எடைக்குப் போடாதீர்கள். படத்தின் பின்புறம் ஊரும் ஆண்டும், நிற்பவர் பெயரும் எழுதி வையுங்கள். பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஒரு கைப்பிடி இருந்த இடத்தைத் தேடும் இளைஞன், அதைப் பற்றி ஏறிய மனிதனையும் அறிந்துகொள்வான். உழைத்த எஞ்சினுக்கும் உழைத்தோருக்கும் நாம் செலுத்தத்தக்க மரியாதை, அவர்களை உள்ளது உள்ளபடி நினைவில் வைத்தலே ஆகும்.